மச்சான் விட்டுக்கொடுத்த சண்டை

காஞ்சிபுரம், பிள்ளையார்பாளையம்
12 செப்டம்பர் 2024

மச்சான் வேல்முருகனுக்கு,

அரக்கு அரக்குன்னு நீ கப்பல்ல உக்காந்துக்கினு சொல்லிட்டா ஆச்சாடா? கட்டிக்கப்போறது நீயா, என் பொண்ணு ஜீவிதாவா? அது மயில்கழுத்து கலருதான் கேக்குது. தாய்மாமன் எடுக்குற பொடவ அரக்குலதான் இருக்கணும், நம்ப வழக்கம் அதான்னு நாலு பக்கம் எழுதியிருக்கிற. இன்னா பெரிய வழக்கம்? உங்க அக்கா காந்தாவுக்கு உங்க தாய்மாமன் எடுத்தாரே ஒரு அரக்கு, மொத தொவையல்லயே சாயம் எறங்கி என் வேட்டியெல்லாம் அரக்கு ஆயிடுச்சி. ஒரு மாசம் நான் தெருவுல போனா கறிக்கடைக்காரன்னு நெனச்சி அர கிலோ குடுன்னு கேட்டாங்க.

கோவத்துல சொகம் விசாரிக்க மறந்துட்டேன். நல்லா இருக்கிறியா? வேளைக்கு சாப்புடுறியா? இங்க உங்க அக்காவுக்கு முட்டி வலி, எனக்கு உங்க அக்கா. மத்தபடி ஒரு கொறையும் இல்ல.

போன்ல பேசுங்க மாமான்னு இன்னொரு தபா எழுதாத. முப்பது வருசம் போர்வெல் வண்டி பக்கத்துல நின்ன காது இது. நீ அங்கேர்ந்து கத்துனா கப்பல்தான் ஆடும், எனக்குக் கேக்காது. எட்டாவது வரைக்கும் படிச்சதுக்கு இந்தக் கடுதாசிதான் மிச்சம். நான் எழுதுறேன், ஜீவிதா போட்டோ புடிச்சி உன் போனுக்கு அனுப்புது.

கல்யாணம் தை மாசத்துல. ஒம்பது மாச ஒப்பந்தம், நவம்பர்ல எறங்கிடுவேன்னு நீதான் சொன்ன. வா. வந்து பொடவக் கடையில நின்னு சண்ட போடு. நான் ரெடி.

இப்படிக்கு உன் அக்கா புருசன்,
ஆதிகேசவன்


கப்பலில் இருந்து
25 செப்டம்பர் 2024

அன்புள்ள மாமாவுக்கு வேல்முருகன் வணக்கம்.

இங்கே நான் சௌக்கியம். அக்காவின் முட்டிக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன். உங்கள் வியாதிக்கு மருந்து உலகத்தில் எந்தத் துறைமுகத்திலும் இல்லையாம், விசாரித்துவிட்டேன்.

வாரத்துக்கு இவ்வளவுதான் என்று எங்களுக்கு இன்டர்நெட்டை அளந்து கொடுக்கிறார்கள். உங்கள் ஒரு கடிதத்துக்கே பாதி போய்விட்டது. எழுத்தைக் கொஞ்சம் சின்னதாகப் போடுங்கள். கிணறு தோண்டுகிற மாதிரி எழுதுகிறீர்கள்.

மயில்கழுத்தா? பேச்சே கிடையாது. அரக்குதான். உங்களுக்குக் கலரைப் பற்றி என்ன தெரியும் மாமா? நீங்கள் ஆயுசு முழுக்கப் பார்த்த ஒரே கலர் சேறு.

இன்னொன்றும் சொல்லி வைக்கிறேன். ஜீவிதா கழுத்தில் மாலை போட்டு, கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிக்கொண்டு வரப்போகிறவன் தாய்மாமன் நான். என் கை படாமல் உங்கள் மாப்பிள்ளை தாலியை வைத்துக்கொண்டு சாயங்காலம் வரைக்கும் நிற்க வேண்டியதுதான்.

இங்கே இருபத்திரண்டு பேருக்குச் சமைக்கிறேன். பிலிப்பைன்ஸ்காரர்களுக்கு மூன்று வேளையும் சோறு வேண்டும், உக்ரைன்காரர்களுக்கு உருளைக்கிழங்கு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எனக்கும் யேசுதாஸுக்கும் மிளகு போட்டு நம் ஊர் இட்லி. யேசுதாஸ் வாலாஜாபாத்துக்காரர், கப்பலில் போசன். மேல்தளத்து ஆட்களுக்கு மேஸ்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள். என் அறைக்குப் பக்கத்து அறை. என் போன் மக்கர் பண்ணினால் அவருக்கு அனுப்புங்கள். நம்பர் கீழே இருக்கிறது.

அக்காவுக்கும் ஜீவிதாவுக்கும் என் அன்பு. உங்களுக்கு அரக்கு.

வேல்முருகன்


காஞ்சிபுரம்
14 அக்டோபர் 2024

மச்சானுக்கு,

உடம்பு எப்படி இருக்குது? நாங்க எல்லாம் சோக்கா இருக்கிறோம்.

சேறுன்னா சொன்ன? அந்த சேத்த நான் நோண்டி தண்ணி வந்ததுக்கு அப்புறம்தான்டா உங்க தெருவே குளிச்சிது. அதுக்கு முன்னாடி உங்க வீட்டு வாசல்ல நின்னு பொண்ணு கேட்டவன் நான், எனக்குத் தெரியாதா?

கல்யாணப் பத்திரிகைக்கு எழுதிக் குடுத்தாச்சி. தாய்மாமன்னு உன் பேரு என் பேர விட பெருசா வருது. உங்க அக்கா வேலை. பெத்தவன் பேர தேடிக் கண்டுபுடிக்க பூதக்கண்ணாடி வேணும்.

உன் பதிலுக்கு வாயில திட்டு ரெடி பண்ணி வெச்சிருக்கிறேன். சீக்கிரம் எழுது, ஊசிப்போயிடும்.

ஆதிகேசவன்


காஞ்சிபுரம்
6 நவம்பர் 2024

வேலு,

நல்லா இருக்கிறியா? உன்கிட்டேர்ந்து கடுதாசி வந்து நாப்பது நாள் ஆயிடுச்சி.

தீபாவளிக்கு உங்க அக்கா உன் பங்கு அதிரசத்த எடுத்து தனியா வெச்சா. மூணு நாள் பாத்தேன். நாலாவது நாள் நானே துன்னுட்டேன். இதுக்காவது ஒரு வரி திட்டி எழுதுவேன்னு பாக்குறேன்.

கோவமாடா? சேத்துக்கு நான் சொன்ன பதில் தப்பா பூடுச்சா?

ஆதிகேசவன்


கப்பலில் இருந்து
19 நவம்பர் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

எல்லோரும் சௌக்கியமா? நான் நன்றாக இருக்கிறேன். கவலைப்பட வேண்டாம்.

பதில் எழுதாததற்கு மன்னிக்கவும். கப்பல் ஐம்பது நாளாக ஒரே இடத்தில் நங்கூரம் போட்டு நிற்கிறது. துறைமுகத்தில் இடம் இல்லையாம். கரை கண்ணுக்குத் தெரிகிறது. இறங்க முடியாது. எனக்கு மாற்றாள் கிடைக்கவில்லை என்று ஒப்பந்தத்தை நீட்டிவிட்டார்கள். எப்போது விடுவார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

புடவை விஷயத்தில் நீங்கள் சொன்னதுதான் சரி. மயில்கழுத்தே எடுங்கள். நான் வீம்பு பிடித்தது தப்பு.

எனக்காக முகூர்த்தத்தை நிறுத்த வேண்டாம். மாலையைப் பூவராகவன் போடட்டும். சித்தப்பா மகன் என்றாலும் அவனும் ஜீவிதாவுக்குத் தாய்மாமன் முறைதான். போன வருடம் அம்மாவுக்குக் கொள்ளி வைத்ததும் அவன்தானே. இதையும் அவனே செய்யட்டும்.

என் பீரோ சாவி அக்காவிடம் இருக்கிறது. உள்ளே இருக்கும் கைக்கடிகாரம் மாப்பிள்ளைக்கு. என் வண்டியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். ரொம்ப நாளாகக் கேட்டீர்கள்.

உங்களுக்கு நிறைய தொந்தரவு கொடுத்துவிட்டேன். அக்காவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேல்முருகன்


காஞ்சிபுரம்
21 நவம்பர் 2024

தம்பி யேசுதாஸுக்கு வணக்கம்.

நான் வேல்முருகனோட அக்கா புருசன் ஆதிகேசவன். நீ சொகமா? வாலாஜாபாத்துல வீட்ல எல்லாரும் சொகமா? எழுத்து பாதி தெரியலன்னா மறைக்கிறது என் கட்டவெரலு. பொண்ணுகிட்ட சொல்லாம நானே போட்டோ புடிச்சி அனுப்புறேன். கல்யாணப் பொண்ணு, அது பயந்துடும்.

முப்பது வருசமா அவங்கிட்ட நான் ஒரு சண்டகூட ஜெயிச்சதில்ல. நேத்து ஒரே கடுதாசில எல்லா சண்டையும் ஜெயிச்சிட்டேன். அதுலேர்ந்து அந்தக் கடுதாசியவே திருப்பித் திருப்பி படிச்சிக்கினு இருக்கிறேன் தம்பி.

பொடவ கலர விட்டுக்குடுத்தான், சரி, அலுப்புன்னு வெச்சிக்கலாம். மாலைய விட்டுக்குடுக்குறான். தாய்மாமன் செய்மொறைய எவனாவது இன்னொருத்தனுக்குக் குடுப்பானா? எங்க பக்கம் அதுக்கு வெட்டு குத்தே நடக்கும். இவன் வாட்ச மாப்பிள்ளைக்கு குடுக்கச் சொல்றான், வண்டிய எனக்குன்றான். ஊருக்குப் போறவன் மாதிரி ஒவ்வொண்ணா பங்கு போடுறான்.

எங்கூட போர்வெல் வண்டில மாணிக்கவேல்னு ஒருத்தன் இருந்தான். ஒரு நாளு காலையில அவன் ரேடியோவ எங்கிட்ட குடுத்து நீ வெச்சிக்கோபான்னான். இன்னாடா கர்ணன் ஆயிட்டியான்னு சிரிச்சிக்கினே வாங்கிக்கினேன். மறுநாளு அவன் இல்ல. நானா ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். கேக்கல. அந்த ரேடியோவ இன்னி வரைக்கும் நான் போட்டதில்ல.

அதனால உன் கால புடிச்சிக் கேக்குறேன். இத படிச்ச ஒடனே எழுந்து போயி அவன் பக்கத்துல உக்காரு. சுத்தி வளைக்காத. சாகணும்னு தோணுதாடான்னு நேராவே கேளு. கேட்டா இல்லாத நெனப்பு வந்துடாது. தனியா உடாத. கேப்டன்கிட்ட சொல்லு. வேலை பூடும்னு அவன் சொல்லுவான். பூட்டா பூது, நான் சோறு போடுறேன், அவனே சமைக்கட்டும்.

உன் மொகம்கூட எனக்குத் தெரியாது. இருந்தாலும் நீ போவேன்னு நம்பி எழுதுறேன்.

ஆதிகேசவன்


காஞ்சிபுரம்
21 நவம்பர் 2024

டேய் வேலு,

சொகமான்னு கேக்கல. சொகமில்லன்னு எனக்குத் தெரியும்.

மயில்கழுத்து கேன்சல். நீ விட்டுக்குடுத்த ஒடனே எனக்கு அந்தக் கலரு புடிக்கல. இப்ப நான் அரக்கு கட்சி. உனக்கு மானம் ரோசம் இருந்தா மயில்கழுத்துக்கு சண்ட போடு.

வண்டி வேணாம். நான் கேட்டுக்கினே இருக்கணும், நீ தரமாட்டேன்னு சொல்லிக்கினே இருக்கணும். வாங்கிட்டா அப்புறம் நம்ப ரெண்டு பேரும் இன்னாத்த பேசுறது?

பூவராகவன கூப்ட்டு கேட்டேன். அண்ணன் இருக்கச்சொல்ல நான் மாலைய தொட்டா கை வெளங்குமான்னு சொல்லிட்டு பூட்டான். மாப்பிள்ளை வீட்டுலயும் பேசிட்டேன். தை இல்லன்னா மாசி, மாசி இல்லன்னா பங்குனி. நீ எப்ப எறங்குறியோ அப்பதான் நாளு குறிக்கிறது. அவசரம் இல்ல.

உங்க அம்மா விசயம். நீ பிரேசில் பக்கம் நடுக்கடல்ல இருந்த. திருப்பிக்கினு வர்றதுக்கு அது இன்னா ஷேர் ஆட்டோவா? கடைசி நாளு அவங்க இன்னா கேட்டாங்க தெரியுமா? எம்புள்ள அங்க சாப்ட்டானான்னு கேட்டாங்க. வரலியேன்னு கேக்கல. உன் மேல ஒருத்தருக்கும் வருத்தம் இல்ல. இத நான் அன்னிக்கே உனக்கு எழுதியிருக்கணும். கேலி எழுதத் தெரிஞ்ச கைக்கு இது எழுத வரல. என் தப்புதான்டா.

ஆதிகேசவன்

மாமா, நான் ஜீவிதா. படிக்காம போட்டோ எடுன்னு அப்பா சொன்னாரு. படிச்சிட்டேன். மாலை உங்க கையாலதான். எத்தனை மாசம் ஆனாலும் சரி.


கப்பலில் இருந்து
26 நவம்பர் 2024

மரியாதைக்குரிய ஐயாவுக்கு யேசுதாஸ் வணக்கம்.

வேலு இருக்கிறார். பத்திரமாக இருக்கிறார். மற்ற நலமெல்லாம் அப்புறம், முதலில் இதைப் படித்துவிடுங்கள்.

உங்கள் கடிதம் ஒரு மதியம் வந்தது. கட்டைவிரலைத் தாண்டிப் படித்து முடித்தேன். அடுத்து என்னைத்தான் நான் திட்டிக்கொண்டேன். மூன்று வாரமாகச் சாப்பாட்டில் உப்பு இல்லை ஐயா. கப்பலில் ஒரு வழக்கம், சமைப்பவன் முகம் வாடியிருந்தால் யாரும் சாப்பாட்டைக் குறை சொல்லமாட்டோம். இருபத்தோரு பேரும் பேசாமல் உப்பில்லாத சோற்றைச் சாப்பிட்டோம். மரியாதை என்று நினைத்தோம். தினமும் நாலு மணிக்குப் பாத்திரம் கழுவி முடித்ததும் அவர் கப்பலின் பின்பக்கம் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். தனியாக இருக்க ஆசைப்படுகிறார் என்று நாங்கள் விலகிப் போனோம். அதையும் மரியாதை என்றுதான் நினைத்தோம்.

அன்றைக்கு நான் விலகவில்லை. பக்கத்தில் போய் நின்றேன்.

"வேலு, மூணு வாரமா கொழம்புல உப்பு இல்லபா."

"சொல்றதுக்கு இன்னா?"

"வருத்தப்படுவேன்னு சொல்லல."

"இப்ப மட்டும் இன்னாத்துக்கு சொல்ற?"

"உங்க மாமா எழுதியிருக்கிறாரு. உன் பக்கத்துல போயி உக்காரச் சொன்னாரு."

"அந்தாளுக்கு வேற வேலையே கெடையாதா?"

அந்த ஒரு கோபத்தைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. பிறகு நீங்கள் சொன்னபடி நேராகவே கேட்டேன். "தோணுது யேசு. தெனமும் தோணுது" என்றார். கம்பியை விட்டுவிட்டுக் கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்து அழுதார். நானும் உட்கார்ந்தேன். அன்றைக்கு இரவுச் சாப்பாட்டைப் பிலிப்பைன்ஸ்காரர்கள் சமைத்தார்கள்.

இரண்டு பேருமாகக் கேப்டனிடம் போனோம். வேலைக்கு ஆபத்து வருமோ என்று எனக்கும் பயம்தான். கப்பல்காரன் மனசு சரியில்லை என்று சொன்னால் அடுத்த கப்பல் கிடைக்காது என்று எல்லோரும் மூடி மறைப்போம். கேப்டன் எழுந்து கதவைச் சாத்திவிட்டு, காய்ச்சல் என்றால் என்னிடம் சொல்வாய் அல்லவா, இதுவும் அப்படித்தான் என்றார். கரையில் இருக்கும் டாக்டரைப் போனில் பிடித்தார். மனநல ஆலோசனை சொல்கிற, தமிழ் தெரிந்த ஒரு அம்மா தினமும் வேலுவோடு அரை மணி நேரம் பேசுகிறார். அதற்குக் கேப்டன் தன் போனையே கொடுக்கிறார். வேலுவின் படுக்கை இப்போது என் அறையில். சமையற்கட்டில் எப்போதும் கூட ஒருவர் இருக்கிறார். உடம்பு சரியில்லாதவரை இறக்கியே ஆகவேண்டும் என்று கேப்டன் கம்பெனிக்கு எழுதி, டிசம்பரில் படகு வர ஏற்பாடாகிவிட்டது.

ஒன்று சொல்லவேண்டும். போன ஒப்பந்தத்தில் நாலு மாதம் எனக்கும் இப்படி இருந்தது. வீட்டில்கூடச் சொன்னதில்லை. நேற்று அந்த அம்மாவிடம் நானும் பேசினேன். உங்களுக்கு நான் நன்றி சொல்லவேண்டும் ஐயா.

வீட்டில் எல்லோருக்கும் என் வணக்கம். சாப்பாட்டில் இப்போது உப்பு கொஞ்சம் அதிகம்.

யேசுதாஸ்


கப்பலில் இருந்து
15 டிசம்பர் 2024

மாமா,

என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டீர்கள். இரண்டு வாரம் உங்கள் மேல் ஆத்திரமாக இருந்தது. யேசுதாஸ் குளிக்கப் போனால்கூட என்னை வாசலில் நிறுத்திப் பாட்டுப் பாடச் சொல்லிவிட்டுப் போகிறார். இந்தக் கொடுமைக்கெல்லாம் காரணம் நீங்கள்தான்.

நாளை மறுநாள் படகு வருகிறது. இறங்குகிறேன். அதற்கு முன்னால் இதை எழுதிவிட நினைத்தேன், நேரில் என்னால் சொல்ல முடியாது.

அந்தப் பத்தொன்பதாம் தேதிக் கடிதத்தை எழுதி முடித்ததும், இனி எனக்குச் செய்ய எதுவும் பாக்கியில்லை என்று ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதிதான் பயங்கரம் என்று இப்போது தெரிகிறது. தூக்கம் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. சமைத்தேன், ருசி தெரியவில்லை. தெரு விளக்கு வரைக்கும் தெரிகிற தூரத்தில் கரை. அம்மாவுக்கும் போகமுடியாதவன், மருமகளுக்கும் போகமாட்டேன், என்னால் யாருக்கு என்ன என்று அதே நினைப்பு சுற்றிச் சுற்றி.

இரண்டு நாள் கழித்து உங்கள் பதில். அரக்கு கட்சி ஆகிவிட்டீர்களாம்! இவ்வளவு நாள் என்னைப் படுத்திவிட்டு இப்போது கட்சி மாறுகிறாரே மனுஷன் என்று சுள்ளென்று வந்தது. கோபம் வந்து எத்தனை நாள் ஆயிற்று என்று அப்புறம்தான் உறைத்தது. அம்மா கேட்டதைப் படித்தபோது யேசுதாஸ் என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

முழுதாகச் சரியாகிவிடவில்லை மாமா. மாத்திரை சாப்பிடுகிறேன். சில காலைகளில் எழுந்திருக்கவே கஷ்டமாக இருக்கிறது. ஊருக்கு வந்தும் டாக்டரைப் பார்க்கவேண்டும். அக்காவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். விமான நிலையத்துக்குக் கூட்டம் வேண்டாம், அழுகை வேண்டாம். நீங்கள் மட்டும் வந்து, வழக்கம்போல வம்பு பண்ணுங்கள்.

நன்றி என்று எழுதினால் பத்து வருஷம் சொல்லிச் சொல்லிக் காட்டுவீர்கள். காட்டுங்கள். நன்றி மாமா.

வேல்முருகன்


காஞ்சிபுரம்
5 பிப்ரவரி 2025

தம்பி யேசுதாஸுக்கு,

உடம்பு, மனசு ரெண்டும் சொகமா? ரெண்டையும் கேக்கணும்னு இப்பதான் புத்தி வந்துது. இங்க எல்லாரும் நல்லா இருக்கிறோம்.

கல்யாணம் முந்தாநேத்து ஆச்சி. வேலு பக்கத்துல உக்காந்துக்கினு இருக்கிறான். நான் எழுத எழுத அவனுக்கு சத்தமா படிச்சிக் காட்டுறேன். காது கேக்காதவன் படிச்சா தெருவுக்கே கேக்கும், வாயில்லா ஜீவன் மாதிரி தலைய குனிஞ்சிக்கினு இருக்கிறான்.

மாலை அவந்தான் போட்டான். போட்டுட்டு நடக்க மறந்து நின்னான். ஜீவிதா அவன் கைய இறுக்கிப் புடிச்சிக்கினு, நீங்க என்ன கூட்டிக்கினு போறீங்களா, நான் உங்கள கூட்டிக்கினு போறனா மாமான்னு கேட்டுது. சிரிச்சான். கல்யாண சமையக்காரன்கிட்ட போயி ரசத்துல புளி பத்தலன்னு ஒரே ரகள. எனக்கு அந்த ரகள நாதஸ்வரத்த விட இனிப்பா இருந்துச்சி. பொடவ இன்னா கலருன்னு கேப்ப. எங்க ரெண்டு பேரையும் ஜீவிதா கடைக்குள்ளயே உடல.

வாரம் ஒரு தபா டாக்டர்கிட்ட போறோம். சில நாளு பேசாம சுவத்த பாத்துக்கினு படுத்திருப்பான். அன்னிக்கு நானும் பாயப் போட்டு பக்கத்துல படுத்துக்குவேன், அதே சுவத்த பாத்துக்கினு. இன்னா மாமா பாக்குறீங்கன்னுவான். நீ பாக்குறததான் பாக்குறேன், இன்னும் ஒண்ணும் தெரியலன்னுவேன்.

வந்ததுலேர்ந்து அவன ஒரு நிமிசம் தனியா உட்டதில்ல. கடைக்குப் போனா நான் பின்னாடியே. கொல்லப் பக்கம் போனா காந்தா. மாமா, உங்களுக்கு போலீஸ்ல சம்பளம் குடுக்குறாங்களான்னு கேக்குறான்.

நீ மார்ச்சுல எறங்குறியாமே. நேரா இங்க வா. கல்யாணத்துக்கு வராதவனுக்கு தனிப் பந்தி போடுறது எங்க வழக்கம். அப்படி ஒரு வழக்கம் இல்ல, உனக்காக இன்னிலேர்ந்து வெச்சிருக்கிறோம். உங்க கேப்டனுக்கு நான் சொன்னேன்னு சொல்லு, பாஷ தெரியாட்டி கையெடுத்து கும்புட்டு காட்டு. போன்ல பேசுன அந்த அம்மாவுக்கும்.

உனக்கு எப்படி சொல்றதுன்னுதான் தெரியல தம்பி. மொகம் தெரியாத ஒரு கெழவன் எழுதுன கடுதாசிய நம்பி எழுந்து போன பாரு, அந்த எழுந்து போன கால...

"போதும் மாமா. அவருக்கே கூச்சமா இருக்கும்"னு வேலு சொல்லிட்டு எழுந்துட்டான். செருப்ப மாட்டுறான். எங்கடான்னு கேட்டேன். டீ குடிச்சிட்டு வரேன்னு கைய காட்டுறான். இருடா, இன்னும் முடிக்கலன்னேன். நீங்க எழுதி முடிக்கிறதுக்குள்ள கடைய மூடிடுவான்னு சிரிச்சிக்கினே படி எறங்கிட்டான்.

காந்தா பின்னாடி போக எழுந்தா. நான் அவ கைய புடிச்சி உக்கார வெச்சிட்டேன். ஜன்னல் வழியா பாக்குறோம். தெரு முனையில யாரோ தறிக்கு பாவு நூல தெருவுல இழுத்துக் கட்டிக்கினு இருக்கிறாங்க, குனிஞ்சி நூலுக்கு அடியில போறான். அந்தப் பக்கம் நிமிந்து, யாரோ எதையோ கேக்க, நின்னு பதில் சொல்றான். இப்ப திரும்பிட்டான். கண்ணுக்குத் தெரியல.

நாங்க ரெண்டு பேரும் எழுந்திரிக்கல தம்பி. அவன் தனியா டீ குடிக்கிறான். நான் உனக்கு இன்னா சொல்ல வந்தேன்னா, இததான்.

ஆதிகேசவன்